பட்டாளத்துக்குப் போனவர்களின் பெயர்கள்

பிரான்ஸ் தேசத்தின் வடபால், விமி என்னும் சிற்றூரை அடுத்து நெடுகக் கிடக்கும் ஒரு மேட்டுநிலத்தை, 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி விடியற்காலையில், பனியும் மழையும் கலந்து முகத்தில் அறைந்துகொண்டிருந்த வேளையில், கனடா நாட்டுச் சேனையின் நான்கு டிவிஷன்களும் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து தாக்கி, நான்கு தினங்களில் ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றின. அந்த நான்கு தினங்களில் மாண்ட கனடியர் 3,598 பேர். அதே மேட்டின் உச்சியில் 1936இல் திறந்துவைக்கப்பட்ட, வெண்ணிறக் கற்களாலான ஞாபகார்த்தச் சின்னத்தின் சுவர்களில், முதல் மகாயுத்தத்தில் பிரான்ஸ் மண்ணிலே மடிந்து, கிடக்கும் இடமும் இன்னதென்று தெரியாமல் மறைந்துபோன 11,285 கனடிய வீரர்களின் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன.

கனடா என்னும் தேசம் அந்த மேட்டில்தான் பிறந்தது என்று அந்நாட்டுச் சரித்திராசிரியர் பலர் எழுதுவதுண்டு. என் அபிப்பிராயம் சற்றே வேறு. மேடுகளும் கோட்டைகளும் உலகத்தில் எத்தனையோ முறை கைமாறியிருக்கின்றன. பிடித்தவர்களையெல்லாம் அவை தேசமாக்கிவிடவில்லை. மாண்டவன் கர்னலா, கசாப்புக் கடையிலிருந்து வந்த பையனா என்று பாராமல், இருவர் பெயரையும் ஒரே அளவான எழுத்தில், ஒரே சுவரில் வெட்டுவது என்று ஒரு ஜனசமூகம் தீர்மானித்ததே, அது தன்னை ஒரு தேசமாக உணர்ந்துகொண்டதற்கு மெய்யான அத்தாட்சி.

அந்தத் தீர்மானத்தை அவர்கள் கல்லோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. ஏறக்குறைய எண்பது லட்சம் ஜனங்களே வாழ்ந்த அந்த நாட்டிலிருந்து முதல் மகாயுத்தத்தில் சேர்ந்தவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் அறுபதாயிரத்துக்கும் அதிகமானோர் திரும்பவில்லை. சேர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் இருந்த சேவைக் கோப்பை, அந்நாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றுவிடாமல் படமெடுத்து, 2018ஆம் ஆண்டுக்குள் யாவரும் இணையத்தில் பார்க்கும்படி வைத்துவிட்டது. கொள்ளுப்பாட்டன் எந்த ஊரில் கையெழுத்திட்டான், உயரம் எவ்வளவு, கண்ணின் நிறம் என்ன, சம்பளத்தில் எவ்வளவைத் தாய்க்கு அனுப்பச் சொன்னான், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் கிடந்தான் என்பவற்றையெல்லாம், டொரான்டோவில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி தன் வீட்டு மேசையில் அமர்ந்தபடியே படித்துவிடலாம்.

இதை நான் எழுதுவது, விழுப்புரம் மாவட்டத்து வானூரில் இருந்துகொண்டு. வடகிழக்கே மரக்காணம் வரையில் உப்பளங்களும், இடையே கழுவேலி நீர்நிலையும், தெற்கே வரப்புக்கு வரப்பு புதுச்சேரியின் எல்லையும் சூழ்ந்த இந்தப் பிரதேசத்தில், பழைய கிராமங்களில் 'பட்டாளத்தார் வீடு' என்று ஒரு வீடாவது சொல்லப்படாமல் இருப்பது அபூர்வம். அந்த வீட்டிலிருந்து போனவர் எந்த யுத்தத்துக்குப் போனார், எந்த ரெஜிமெண்டில் இருந்தார், எங்கே இறந்தார் என்று கேட்டால், 'அது வெள்ளைக்காரன் காலத்துச் சண்டை' என்பதற்குமேல் விடை கிடைப்பது அரிது. கனடாவில் அரசாங்கம் செய்ததை இங்கே அரசாங்கமும் செய்யவில்லை, சமூகமும் செய்யவில்லை. அதைச் செய்யவேண்டும், அதுவும் தாமதியாமல் செய்யவேண்டும் என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கோ வடதுருவத்தை அடுத்த ஒரு தேசத்தை நம் உப்பளக் கரையோடு சேர்த்துப் பேசுவானேன் என்று வாசகர் நினைக்கலாம். அந்த இரண்டையும் முதலில் சேர்த்து வைத்ததே ஒரு யுத்தந்தான். 1756 முதல் 1763 வரை இங்கிலாந்தும் பிரான்ஸும் ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா என்ற மூன்று திக்குகளிலும் ஏககாலத்தில் நடத்திய ஏழாண்டுப் போரை, முதல் உலக யுத்தம் என்று சொல்வோர் உண்டு. அந்தப் போரில் 1759 செப்டம்பரில் கனடாவின் கியூபெக் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. நான்கே மாதம் கழித்து, 1760 ஜனவரி 22இல், வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் சேனையை ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் முறியடித்தார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியிலுள்ள பெருமுக்கல் மலைக்கோட்டையும், மரக்காணத்துக்கு வடக்கே கடலோரத்திலுள்ள ஆலம்பரைக் கோட்டையும் வீழ்ந்தன. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் சரணடைந்தது. 1763இல் பாரிஸில் எழுதப்பட்ட ஒரே உடன்படிக்கை, கனடாவை ஆங்கிலேயருக்குக் கொடுத்தது. புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தது. நம் வட்டத்தின் தெற்கு எல்லையில் ஒரு பிரெஞ்சுப் பிரதேசம் மேலும் இருநூறு ஆண்டு நீடிப்பதற்கும், கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்து ராஜாவின் பிரஜைகளாவதற்கும் காரணமான மை ஒன்றே.

அந்த யுத்தத்தில் வந்தவாசியிலும் பெருமுக்கலிலும் இரு தரப்பிலும் நின்று சண்டையிட்டவர்களில் பெரும்பகுதியினர் இந்த மண்ணின் சிப்பாய்கள். புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, கவர்னர் மாளிகையின் கதவு திறந்து மூடியதைக்கூட விடாமல் இருபத்தைந்து வருஷ காலம் தமிழிலே தினப்படி எழுதிவைத்தவர். அவர் எழுத்தில் நவாப்புகளும் வர்த்தகர்களும் கப்பல் கேப்டன்களும் பெயரோடும் குணத்தோடும் உலாவுகிறார்கள். சிப்பாய்களோ, 'இருநூறு பேர் போனார்கள், முப்பது பேர் விழுந்தார்கள்' என்று எவரும் எழுதும் விதமாகத்தான் அக்காலத்துப் பதிவுகளில் தென்படுகிறார்கள். உப்பு வாரிக் குவித்த அம்பாரத்திலே ஒரு கல் உப்பைத் தனியே பொறுக்கி எடுக்க முடியாததைப்போல, சிப்பாய் அன்று முதலே எண்ணிக்கைக்குள் கரைந்துபோனான்.

இருபதாம் நூற்றாண்டில், மேலும் விசித்திரமான முறையில், கனடியரும் இந்தியரும் ஒரே களத்தில் நின்றார்கள். 1914ஆம் ஆண்டு 'கோமகாட்டா மாரு' என்னும் கப்பலில் வான்கூவர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த 376 இந்தியர்களில் மிகச் சிலரைத் தவிர மற்றவர்களைத் தரையிறங்க அனுமதியாமல், இரண்டு மாதம் கடலிலேயே வைத்திருந்து, ஜூலை 23ஆம் தேதி கனடா திருப்பி அனுப்பியது. அந்தக் கப்பல் துறைமுகத்தை விட்ட பன்னிரண்டாம் நாள் ஐரோப்பாவில் இங்கிலாந்து யுத்தத்தில் இறங்கிற்று. ஒன்பது மாதங்களுக்குப் பின், 1915 ஏப்ரல் 22ஆம் தேதி மாலையில், பெல்ஜியத்து ஈப்ர நகரத்துக்கு வெளியே ஜெர்மானியர் திறந்துவிட்ட குளோரின் வாயு, பச்சையும் மஞ்சளுமான மேகமாகத் தரையோடு ஊர்ந்து வந்தபோது, பக்கத்தில் இருந்த பிரெஞ்சு அணி சிதறியது. உண்டான இடைவெளியை அடைத்து நின்றது கனடிய டிவிஷன். ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொண்டு, மூச்சு முட்டி, ஆயிரக்கணக்கில் விழுந்த அவர்களுக்குப் பக்கபலமாக விரைவாக அழைத்து வரப்பட்ட சேனைகளில் ஒன்று, இந்தியாவின் லாகூர் டிவிஷன். ஏப்ரல் 26ஆம் தேதி அதே வாயுவுக்குள் புகுந்து அது பெரும் சேதமடைந்தது. கப்பலிலிருந்து இறங்கவிடாத நாட்டாருக்கு அருகே நின்று சாக இந்தியச் சிப்பாய்க்கு அனுமதி கிடைத்திருந்தது.

ஈப்ர நகரின் மெனின் வாயிலில், கல்லறை தெரியாத 54,000க்கும் மேற்பட்டோர் பெயர்களுக்கிடையே கனடியர் பெயர்களும் இருக்கின்றன, இந்தியர் பெயர்களும் இருக்கின்றன. பிரான்ஸில் நவ்-ஷபேல் என்னுமிடத்தில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய வீரர் ஞாபகார்த்தச் சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் உள்ளன. இதைக் கேட்டால், ஆங்கிலேயர் இவ்விஷயத்தில் பட்சபாதம் இன்றித்தானே நடந்திருக்கிறார்கள் என்று தோன்றும். தோன்றுவதோடு நின்றுவிடக் கூடாது.

ஏனெனில், பிரான்ஸுக்குப் போன காலாட்படைகள் பெரும்பாலும் வடநாட்டவை. நம் மதராஸ் ராஜதானியிலிருந்து சேர்ந்தவர்களில் மிகப் பலர் அனுப்பப்பட்டது மெஸப்பொட்டேமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும். 'தம்பி' என்று பட்டாளத்தில் செல்லமாக அழைக்கப்பட்ட மதராஸ் சாப்பர்கள், டைக்ரிஸ் நதியின் சேற்றிலும் வெயிலிலும் பாலம் கட்டியும் பாதை போட்டும் காய்ச்சலில் செத்தார்கள். கர்நாடிக் காலாட்படை ரெஜிமெண்டுகளும் வாலாஜாபாத் இலகு காலாட்படையும் அங்கே போயின. மெஸப்பொட்டேமியாவில் இறந்து கல்லறை அறியப்படாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்காகப் பஸ்ராவில் எழுப்பப்பட்ட ஞாபகார்த்தச் சின்னத்தில், வெள்ளையர்கள் அனைவரும், இந்திய அதிகாரிகளும் பெயரோடு இருக்கிறார்கள். இந்தியச் சாதாரண சிப்பாய்க்கு மட்டும் பெயரில்லை. அவனுடைய ரெஜிமெண்டின் பெயருக்குக் கீழே, இத்தனை பேர் என்று ஓர் எண் போடப்பட்டிருக்கிறது. ஐரோப்பியர் வந்து பார்க்கும் இடத்தில் பெயர், பாலைவனத்தில் எண், இதுதான் கணக்கு.

இது நம் மனத்தாங்கலால் சொல்லும் குற்றச்சாட்டு அன்று. யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே நியமித்த குழு, 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் இதை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருகால் மூன்றரை லட்சம் பேர் வரை, பெயராலோ வேறெவ்விதத்தாலோ நினைவுகூரப்படாமலே போனார்கள் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. பிரிட்டிஷ் அரசாங்கம் அதற்கு மன்னிப்பும் கேட்டது. மன்னிப்புக் கேட்டதைப் பத்திரிகைகளில் படித்து நாம் தலையசைத்ததோடு சரி. விடுபட்டவர்களில் நம் ஊர்க்காரன் யார் என்று எந்தத் தாலுகாவிலும் எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

உள்ளூரிலும் அதே வழக்கந்தான் கையாளப்பட்டது. யுத்தம் முடிந்த பிறகு, மதராஸ் ராஜதானியின் ஊர்கள் பலவற்றில் சிறு கற்பலகைகளைச் சர்க்கார் பதித்தது. இவ்வூரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த யுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்பதுதான் அவற்றின் வாசகம். திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டின் முகப்பில் உள்ள ஞாபகார்த்தச் சின்னமும் இவ்வகையைச் சேர்ந்ததே. தம் ஊரிலேயே, தம் தாயும் மனைவியும் தினந்தோறும் கடந்துபோகும் தெருவிலேயே, அவர்கள் எண்ணாகத்தான் நின்றார்கள்.

இனி, வரப்புக்கு அந்தப் பக்கத்தைப் பார்ப்போம். வானூர் வட்டத்தின் எல்லையிலுள்ள வயல்களில், ஒரு கண்மாய்க் கரை வரையில் தமிழ்நாடு, அதற்குமேல் புதுச்சேரி என்று எல்லை நெளிந்து போகும். இருபுறத்தாரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஒரே ஜனங்கள். 1914இல் அது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கும் பிரெஞ்சுக் குடியரசுக்கும் இடைப்பட்ட எல்லை. பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் மாண்டவர்களுக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் 1938இல் ஞாபகார்த்த மண்டபம் திறக்கப்பட்டது. இன்றைக்கும் ஜூலை 14 வந்தால் அது விளக்கேற்றப்படுகிறது, மாலை சார்த்தப்படுகிறது. அதைவிட முக்கியம், பிரான்ஸுக்காக மாண்டவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்நாட்டு இராணுவம் எழுதிவைத்த அட்டை. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், ரெஜிமெண்ட், இறந்த இடம், இறந்த காரணம் அனைத்தும் அதில் உண்டு. பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த அட்டைகளைப் பிரெஞ்சு அரசாங்கம் இணையத்தில் வைத்திருக்கிறது. வரப்புக்குத் தெற்கே பிறந்தவன் மாண்டிருந்தால் அவனுடைய ஊர்ப் பெயர் பாரிஸில் இருக்கிறது. வடக்கே பிறந்தவன் மாண்டிருந்தால் அவன் பஸ்ராவில் ஓர் எண்ணுக்குள் இருக்கிறான்.

பிரெஞ்சுக்காரருடைய காலனி ஆட்சி ஆங்கிலேயருடையதைக் காட்டிலும் தர்மமானது என்று இதனால் நான் சொல்லவில்லை. 1954இல் புதுச்சேரிக் கீழூரில் கூடி வாக்களித்து அந்த ஆட்சியை வழியனுப்பியவர்களும் இதே ஜனங்களின் பிரதிநிதிகள்தாம். ஆளுகின்றவன் யாரானாலும், செத்தவனுக்கு ஓர் அட்டை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் அவன் மனம் வைத்துச் செய்த காரியம் என்பதே இந்த ஒப்புமையில் நான் காணும் பொருள்.

இரண்டாம் மகாயுத்தத்தில் இக்கரையின் கதி ஒரு கனடியனுடைய கண்ணில் தங்கியிருந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி, இலங்கையின் கொக்கலவிலிருந்து காட்டலினா என்னும் கடல் விமானத்தில் கிளம்பிய லெனார்ட் பர்ச்சல் என்னும் கனடிய விமானி, பகலெல்லாம் வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டு பறந்து, திரும்பவேண்டிய வேளையில் தெற்கே அடிவானத்தில் புள்ளிகளாகத் தெரிந்ததைச் சோதிக்க நெருங்கினார். அது ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படை. கண்ட செய்தியை ஒலிபரப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுடப்பட்டு விழுந்தது. அதிலிருந்த ஒன்பது பேரில் மூவர் மாண்டனர்; பர்ச்சலும் ஏனையோரும் பிடிபட்டு, யுத்தம் முடியும்வரை ஜப்பானில் சிறையிருந்தனர். மறுநாள் கொழும்பிலும், 9ஆம் தேதி திரிகோணமலையிலும் குண்டு விழுந்தபோது, எச்சரிக்கை முன்னரே எட்டியிருந்ததால் துறைமுகங்களில் கப்பல்கள் அதிகமில்லை. அதே வாரத்தில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடிற்று. பர்ச்சலைக் கனடா 'இலங்கையின் இரட்சகர்' என்று கொண்டாடியது. 2004இல் அவர் காலமாகும்வரை பட்டங்களும் விருதுகளும் அவரைத் தேடி வந்தன. அவர் காப்பாற்றிய கடற்கரைகளில் வாழும் நம்மில் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

அந்த யுத்தத்துக்கு இந்தியாவிலிருந்து திரண்ட இருபத்தைந்து லட்சம் பேரில், பஞ்சாபுக்கு அடுத்தபடியாக அதிகமானோரை அனுப்பியது மதராஸ் ராஜதானி. தென்னிந்தியர் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று சொல்லி, 1920களில் படிப்படியாகக் கலைத்துவிட்ட மதராஸ் ரெஜிமெண்டை, ஆள் பஞ்சம் வந்ததும் 1941இல் மறுபடியும் எழுப்பினார்கள். இத்தாலியில் 1943 டிசம்பரில் ஆர்ட்டோனா நகரத்தைத் தெருத்தெருவாக, வீடுவீடாகக் கனடியர் பிடித்தபோது, அவர்களுக்கு இடப்பக்கம் மலையடிவாரத்தில் போரிட்டது எட்டாவது இந்திய டிவிஷன். மோரோ நதியில் எதிரியின் கரையிலிருந்து பின்னோக்கிக் கட்டினாலொழியப் பாலம் அமையாது என்றிருந்த ஓரிடத்தில், இந்திய சாப்பர்கள் அவ்விதமே கட்டி முடித்து, அதற்கு 'அசாத்தியப் பாலம்' என்று பெயரிட்டார்கள். 1944 மே மாதம் காரி நதியை அந்த டிவிஷன் கடந்தபோது, துணையாகச் சென்றவை கனடிய டாங்கிகள்.

அதே இத்தாலியில், அதே 1944இல், பிப்ரவரி 24ஆம் தேதி, மிஞ்ஞானோ என்னுமிடத்தில் நடந்ததைச் சற்று அருகில் நின்று பார்க்கவேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த கீழொட்டிவாக்கத்தைச் சேர்ந்த மதராஸ் சாப்பர் படையின் சுபேதார் சுப்பிரமணியம், புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளைத் தேடி அகற்றும் ஒரு சிறு குழுவோடு போய்க்கொண்டிருந்தார். முன்னே போனவர்களில் ஒருவன் காலடியில் ஒரு வெடி இயங்கியது. அந்த வகை வெடி மிதித்தவுடன் வெடிக்காது. ஒரு சில விநாடி பொறுத்து, இடுப்பளவு உயரத்துக்கு எழும்பி, சுற்றியுள்ளவர் யாவரையும் துளைக்கும். அந்தச் சில விநாடியில் ஒருவன் படுத்துக்கொள்ளலாம், ஓடலாம், கூவலாம். வருஷக்கணக்கில் அவ்வெடிகளோடு பழகிய சுபேதாருக்கு எது நடக்கப்போகிறதென்பது மற்றெவரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தே அவர் அதன்மேல் பாய்ந்து தம் உடலால் அதை மூடினார். அவர் மாண்டார், மற்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்ந்த விருது அவருக்கு மரணத்துக்குப் பின் வழங்கப்பட்டது. அந்தப் பதக்கம் இருந்ததனால் அவருடைய பெயரும் ஊரும் நமக்குத் தெரிகின்றன. பதக்கம் வாங்காமல் பாலம் கட்டிச் செத்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

இப்போது ஆட்சேபங்களுக்கு வருகிறேன். அவர்கள் அந்நிய ராஜாவுக்காக, கூலிக்காகப் போரிட்டவர்கள்; சுதந்திர தேசம் அவர்களை ஏன் நினைக்கவேண்டும் என்பது முதல் ஆட்சேபம். இதைச் சொல்பவர்கள், வானம் பொய்த்த ஒரு வருஷத்தில் நிலமில்லாத ஒரு குடும்பத்தின் மூத்த மகனுக்கு எத்தனை வழிகள் திறந்திருந்தன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ராஜவிசுவாசத்தால் போனவன் இருக்கலாம். மாசா மாசம் வீட்டுக்குப் போகும் மணியார்டருக்காகப் போனவனே அதிகம். மேலும், தமிழ் மரபில் இக்கேள்வி என்றோ தீர்க்கப்பட்ட ஒன்று. ஆநிரை கவர்ந்தவனுக்கும் மீட்டவனுக்கும் ஒருங்கே நடுகல் நாட்டிய சமூகம் நம்முடையது. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை அதற்கான படிகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலையின் செங்கம் வட்டாரத்து நடுகற்களில், எந்த அரசனின் ஆட்சியாண்டில், எவருடைய சேவகனாக, எந்தப் பூசலில் பட்டான் என்பதோடு வீரனுடைய பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த அரசன் நல்லவனா, அந்தப் பூசல் நியாயமானதா என்று விசாரித்த பிறகுதான் கல் நடுவோம் என்று நம் முன்னோர் காத்திருக்கவில்லை.

யுத்த நினைவுச் சின்னங்கள் யுத்த வெறியையே வளர்க்கும் என்பது இரண்டாவது ஆட்சேபம். குதிரைமேல் அமர்ந்த தளபதியின் சிலையைப்பற்றி அவ்விதம் சொன்னால் ஒப்புக்கொள்வேன். பெயர்ப்பட்டியல் அத்தகையதன்று. 'பெருஞ்சேதம்' என்ற ஒரே சொல்லில் எந்த மந்திரியும் கடந்துவிடக்கூடிய ஒரு விஷயத்தை, கடக்க முடியாதபடி வரிவரியாகப் பிரித்துக் காட்டுவது அது. ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர், மூன்று சகோதரர்கள் என்று படிக்கப் படிக்க, அடுத்த யுத்தத்துக்குக் கைதூக்குவது கடினமாகிறது.

மூன்றாவது ஒன்றை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. ஆயினும் மற்ற இரண்டைக் காட்டிலும் வலியது அதுவே. மதராஸ் சாப்பர் படையில் ஆதிதிராவிட சமூகத்திலிருந்து சேர்ந்தவர்கள் கணிசமானவர்கள். நிலப்பத்திரமும், கோயில் மரியாதையும், அச்சிட்ட குலவரலாறும் உள்ள வீடுகளிலே ஞாபகம் தானே தங்கும். அவை மறுக்கப்பட்ட சேரிகளிலே, தகரப்பெட்டியில் கிடந்த டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டு ஒன்று வெள்ளத்திலோ தீயிலோ போய்விட்டால், ஒரு மனிதனுடைய யுத்தமே போய்விட்டது. நம் மறதிக்குள்ளே ஜாதியும் ஒளிந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டால்தான் இவ்விஷயத்தில் நியாயம் செய்ய முடியும். சயாம்–பர்மா ரயில்பாதையிலே பல்லாயிரக்கணக்கில் மாண்ட மலேயாத் தோட்டத் தமிழர்களுக்கு நேர்ந்ததும் இதுவே. போர்க்கைதிகளாக அங்கே மாண்ட வெள்ளையர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயரோடு கல்லறைகள் உண்டு. தமிழ்க் கூலிகளுக்காக அங்கே ஒரு நடுகல் எழுந்ததே அண்மைக் காலத்தில்தான்.

கனடாவும் களங்கமற்ற தேசமன்று. முதல் யுத்தத்தில் மூன்று முறை வீரப்பதக்கம் பெற்ற பிரான்சிஸ் பெகாமகபோ என்னும் பூர்வகுடி வீரர், ஊர் திரும்பிய பின் பூர்வகுடிச் சட்டத்தின் கட்டுகளுக்குள்ளேயே வாழ்ந்து இறந்தார். தம் உரிமைகளை விட்டுக்கொடுக்காமலே வாக்களிக்கும் பாத்தியதை அம்மக்களுக்கு 1960இல்தான் கிட்டியது. ஆனால் அவருடைய கோப்பு இருந்தது, பெயர் இருந்தது. அநியாயம் நடந்ததைப் பிற்காலத்தார் கண்டுபிடித்து வெட்கப்படுவதற்கும், அவருக்குச் சிலை வைப்பதற்கும் அந்தப் பெயரே ஆதாரமாயிற்று. பெயரே இல்லாதவனுக்கு இழைத்த அநியாயத்துக்கு வெட்கப்படவும் வழியில்லை.

செய்யவேண்டியது மலையைப் பெயர்க்கும் காரியமன்று. பஞ்சாபில் கிராமவாரியாக எழுதப்பட்ட முதல் யுத்தப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நூறாண்டு தூங்கியபின், 2021 முதல் இணையத்தில் ஏற்றப்படலாயின; அவற்றில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இங்கிலாந்திலும் கனடாவிலும் வாழும் பஞ்சாபியர் தம் கிராமத்தின் பெயரைத் தட்டித் தம் பாட்டனைக் கண்டெடுத்தார்கள். நம்மிடம் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பெங்களூரில் மதராஸ் சாப்பர் படையின் தலைமையகமும், வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையகமும் இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. காமன்வெல்த் ஆணையத்தின் பட்டியலை எவரும் கட்டணமின்றித் தேடலாம். இவற்றை ஒன்றோடொன்று இணைத்து, 1914 முதல் 1945 வரை இந்த மாநிலத்திலிருந்து போனவர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றை, ஊர்வாரியாகத் தமிழில் வெளியிடும் பொறுப்பைத் தமிழ்நாடு அரசு ஏற்கவேண்டும். கீழடியின் பானையோட்டில் கீறப்பட்ட பெயர்களைப் படிக்கச் சிரத்தை காட்டும் அரசாங்கத்துக்கு இது சக்திக்கு மீறியதன்று.

அரசாங்கம் அசையும்வரை ஊர்கள் காத்திருக்கவேண்டியதும் இல்லை. வருஷத்துக்கு ஆறுமுறை கூடும் கிராம சபை, உள்ளாட்சி தினமாகிய நவம்பர் 1ஆம் தேதியும் கூடுகிறது. முதல் மகாயுத்தம் முடிவுற்ற நவம்பர் 11க்குப் பத்தே நாள் முன்பாக. வானூர், மரக்காணம் வட்டங்களிலுள்ள ஊராட்சிகள் அன்று ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும்: இவ்வூரிலிருந்து இரண்டு மகாயுத்தங்களுக்கும் போனவர் பெயர், தகப்பனார் பெயர், தெரு, ரெஜிமெண்ட், திரும்பினாரா இல்லையா என்னும் விவரங்களை, ஊரையும் சேரியையும் ஒரே பட்டியலாக வைத்து, உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக்கொண்டு சேகரிப்பது என்று. எல்லைக்கு அப்பாலுள்ள புதுச்சேரிக் கிராமங்களும் சேர்ந்துகொண்டால் இன்னும் சிறப்பு. பிரெஞ்சு அட்டைகளைப் படித்துச் சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் யுத்தத்துக்குப் போனவர் எவரும் இன்று உயிரோடில்லை. இரண்டாம் யுத்தத்திலிருந்து திரும்பிவந்த தகப்பனார் சொல்லக் கேட்ட பிள்ளைகளில் பலர் எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் பதக்கம் யாருடையதென்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம். கல்லுக்குப் பணம் அடுத்த வருஷமும் கிடைக்கும்; அவர்களுடைய வாய்ச்சொல் கிடைக்காது. ஆகையால் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு இந்த வருஷமே அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவதுதான், இவ்விஷயத்தில் நாம் செய்யக்கூடிய முதற்காரியம்.